உங்கள் கணினி ஏன் மறக்கிறது?
ரேம் பிழையைக் கண்டுபிடிக்க ஓர் அறிவியல் வழி

மாணவர்களே, பள்ளி விடுமுறையில் காசு சேர்த்து, கொம்தார் வட்டாரக் கடைகளில் பாகங்களை ஒவ்வொன்றாக வாங்கி, வீட்டிலேயே சொந்தமாக ஒரு கணினியைப் பொருத்தியவர்கள் உங்களில் பலர் இருப்பீர்கள். முதல் முறை திரை ஒளிரும்போது வரும் மகிழ்ச்சிக்கு ஈடில்லை. ஆனால், சில நாளில் இன்னொன்றும் வரலாம். விளையாட்டு பாதியில் தானாக மூடிக்கொள்ளும். நீலத் திரை வரும். நேற்றுத் திறந்த கோப்பு இன்று திறக்காது. மறுபடி இயக்கினால் ஒன்றுமே நடக்காததுபோல் வேலை செய்யும்.

இப்படி வந்து வந்து போகும் கோளாறுக்கு அடிக்கடி காரணமாக இருப்பது ரேம் எனப்படும் தற்காலிக நினைவகம். அது முழுதாகக் கெட்டுவிட்டால் கணினி இயங்கவே இயங்காது, கண்டுபிடிப்பது எளிது. நிலையில்லாமல் இருந்தால்தான் தொல்லை. பல மணி நேரத்துக்கு ஒருமுறை, கோடிக்கணக்கான எண்களில் ஒரே ஓர் எண்ணைத் தவறாகத் திருப்பித் தரும். அதை எப்படிப் பிடிப்பது என்பதுதான் இந்த வாரப் பாடம். இதற்குத் தேவையான கருவி நீங்கள் தமிழ்ப்பள்ளியில் படித்த அறிவியல் செயற்பாங்குதான்: ஒரு நேரத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றுவது.

ஓட்டை வாளியில் எழுதிய எண்

முதலில் ரேம் எப்படி நினைவில் வைக்கிறது என்று பார்ப்போம். இன்றைய கணினிகளில் இருக்கும் ரேம் வகையை ஐ.பி.எம். நிறுவனத்தின் ராபர்ட் டென்னார்ட் வடிவமைத்தார். அதற்கான காப்புரிமை 1968இல் கிடைத்தது. ஒரு பிட்டைச் சேமிக்க அதில் ஒரு டிரான்சிஸ்டரும் ஒரு சிறிய மின்தேக்கியும் போதும். மின்தேக்கியில் மின்னூட்டம் இருந்தால் 1, இல்லையென்றால் 0. டிரான்சிஸ்டர் அதற்குக் கதவு.

இந்த மின்தேக்கி ஓட்டை வாளி போன்றது. ஊற்றிய தண்ணீர் மெல்லக் கசிவதுபோல் மின்னூட்டமும் கசிந்துகொண்டே இருக்கும். வாளி பாதிக்குக் கீழே வடிவதற்குள் யாராவது பார்த்து, மறுபடி நிரப்பிவைக்க வேண்டும். கணினி இதை ஓயாமல் செய்கிறது. டி.டி.ஆர். 4 வகை ரேமில் ஒவ்வொரு வாளியும் 64 மில்லி வினாடிக்குள் ஒருமுறை நிரப்பப்படுகிறது. அதாவது வினாடிக்கு ஏறக்குறைய 16 முறை. மின்சாரம் நின்றால் நிரப்பும் வேலையும் நின்றுவிடும். சேமிக்காத கட்டுரை மின்தடையில் காணாமல் போவது இதனால்தான்.

வெப்பம் கூடினால் கசிவும் கூடும். அதனால் சில்லின் வெப்பநிலை 85 பாகை செல்சியசைத் தாண்டினால், நிரப்பும் இடைவெளியை 32 மில்லி வினாடியாகக் குறைக்க வேண்டும் என்பது விதி. காலையில் ஒழுங்காக ஓடும் கணினி பிற்பகல் வெயிலில், காற்றோட்டமில்லாத அறையில் தடுமாறினால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

எத்தனை வாளிகள் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 8 ஜிகாபைட் ரேம் அட்டை ஒன்றில் 8 × 1024 × 1024 × 1024 பைட்டுகள். ஒரு பைட்டுக்கு 8 பிட்டுகள். பெருக்கினால் 68 பில்லியனுக்கும் அதிகம். ஒவ்வொரு வாளியிலும் இருப்பது சில பத்தாயிரம் எலெக்ட்ரான்கள் மட்டுமே. இவ்வளவு வாளிகளும் தவறே செய்யாமல் வேலை செய்வதுதான் வியப்பு.

ஒரு பிட் மாறினால் என்ன ஆகும்?

ஒரு மாணவரின் மதிப்பெண் 75 என்று வைத்துக்கொள்வோம். இரும எண்ணில் அது 01001011; அதாவது 64 + 8 + 2 + 1. இதில் 64ஐக் குறிக்கும் 1 மட்டும் 0 ஆகிவிட்டால் 00001011. அதன் மதிப்பு 11. ஒரே ஒரு வாளி வடிந்ததில் 75 மதிப்பெண் 11 ஆகிவிட்டது!

இது கற்பனைக் கணக்கு மட்டுமல்ல. 2003ஆம் ஆண்டு மே மாதம் பெல்ஜியம் நாட்டுத் தேர்தலில், பிரசல்ஸ் நகரின் ஸ்காயர்பேக் பகுதியில் மின்னணு வாக்களிப்பு நடந்தது. ஒரு வேட்பாளருக்குக் கிடைக்கவே முடியாத எண்ணிக்கையில் வாக்குகள் விழுந்திருந்தன. மறுபடி எண்ணியபோது, அவருக்குச் சரியாக 4,096 வாக்குகள் அதிகமாகப் பதிவானது தெரிந்தது. 4,096 என்பது 2இன் 12ஆம் அடுக்கு. மென்பொருளில் வேறு தவறு எதுவும் அகப்படவில்லை. நினைவகத்தில் ஒரு பிட் தானாக 0இலிருந்து 1 ஆனதே பொருத்தமான விளக்கமாக நின்றது.

வீட்டுக் கணினியில் யாரும் மறுபடி எண்ணிப் பார்க்க மாட்டார்கள். அங்கேதான் ஆபத்து. நீலத் திரை நமக்குக் கோபமூட்டினாலும் அது ஓர் எச்சரிக்கை. எச்சரிக்கையே இல்லாமல் தவறான எண் கோப்பில் பதிந்துவிடுவதுதான் உண்மையான இழப்பு.

பினாங்குக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ பாயான் லெப்பாசில் ஷிப்டு வேலைக்குப் போனவர் ஒருவராவது இருப்பார். 1972இல் அங்கே தடையற்ற வாணிப வட்டாரம் தொடங்கப்பட்டது. அதே ஆண்டு இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் ஆலையைப் பினாங்கில் அமைத்தது. இங்கே நடந்த வேலை சில்லுகளைப் பொதி செய்வதும் சோதிப்பதும். நகத்தைவிடச் சிறிய சிலிக்கான் துண்டை ஓர் உறைக்குள் வைத்து, மெல்லிய கம்பிகளால் இணைத்து, மூடி, ஒழுங்காக இயங்குகிறதா என்று பார்த்து அனுப்ப வேண்டும். இன்று செபராங் பிறைப் பக்கம், பத்து காவானில் நினைவகச் சில்லு நிறுவனமான மைக்ரோனும் இயங்குகிறது.

"உறைதானே, அதில் என்ன பெரிய அறிவியல்?" என்று கேட்காதீர்கள். நினைவகப் பிழைகளின் வரலாற்றில் புகழ்பெற்ற ஒரு குற்றவாளி அந்த உறைக்குள்தான் ஒளிந்திருந்தது.

1970களின் இறுதியில் இன்டெலின் நினைவகச் சில்லுகளில் ஒரு விசித்திரமான பிழை வந்தது. ஒரு பிட் மாறும்; அதே இடத்தை மறுபடி சோதித்தால் ஒழுங்காக இருக்கும். அடுத்த பிழை வேறோர் இடத்தில் வரும். சில்லில் எதுவும் உடைந்திருக்கவில்லை. திமோத்தி மே, மரே உட்ஸ் என்னும் இருவர் 1978இல் காரணத்தை அறிவித்தார்கள். உறை செய்யப் பயன்பட்ட பொருளில் யுரேனியமும் தோரியமும் மிக மிகச் சிறிய அளவில் கலந்திருந்தன. அவற்றிலிருந்து வெளிப்பட்ட ஆல்ஃபா துகள்கள் சிலிக்கானைத் தாக்கின.

ஐந்தாம் படிவ இயற்பியலில் கதிரியக்கம் படிப்பவர்கள் உடனே ஒரு கேள்வி கேட்பீர்கள்: "ஆல்ஃபா துகளை ஒரு தாள் தடுத்துவிடுமே?" சரிதான். வெளியிலிருந்து வரும் ஆல்ஃபாவை உறை தடுத்துவிடும். ஆனால், இங்கே உறைதான் ஆல்ஃபாவை வீசியது. திருடன் வேலிக்கு வெளியே இல்லை. வேலியே பயிரை மேய்ந்தது.

கணக்கும் பொருந்துகிறது. 5 மில்லியன் எலெக்ட்ரான்-வோல்ட் ஆற்றலுடைய ஓர் ஆல்ஃபா துகள் சிலிக்கானுக்குள் நுழைகிறது. ஓர் எலெக்ட்ரானை விடுவிக்கச் சராசரியாக 3.6 எலெக்ட்ரான்-வோல்ட் செலவாகும். 5,000,000ஐ 3.6ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1.4 மில்லியன் எலெக்ட்ரான்கள். அன்றைய மின்தேக்கி ஒன்றில் இருந்த மின்னூட்டத்தைக் குலைக்க இது போதும். காரணம் தெரிந்த பிறகு தீர்வும் வந்தது. உறைப் பொருளைத் தூய்மைப்படுத்தினார்கள். சில்லின்மேல் பாதுகாப்புப் பூச்சு பூசினார்கள். மின்தேக்கியின் வடிவத்தையும் மாற்றினார்கள்.

அவர்கள் கையாண்ட முறையைக் கவனியுங்கள். "இந்தச் சில்லு கெட்டது" என்று தூக்கிப்போட்டுவிட்டு நகரவில்லை. பிழை ஒரே இடத்தில் திரும்பி வருகிறதா, இடம் மாறுகிறதா என்று முதலில் பார்த்தார்கள். ஆல்ஃபா துகள்தான் காரணம் என்ற கருதுகோளை வைத்து, கதிரியக்கப் பொருளைச் சில்லுக்கு அருகே கொண்டுவந்தால் பிழை கூடுகிறதா என்று சோதித்தார்கள். நாமும் வீட்டில் இதே வரிசையில்தான் போகப் போகிறோம்.

வானத்தைக் குறை சொல்லும் முன்

விண்வெளியிலிருந்து வரும் துகள்களும் பிட்டை மாற்றக்கூடும் என்பது உண்மை. அதனால், நீலத் திரை வந்தவுடன் "காஸ்மிக் கதிர்தான் காரணம்" என்று சொல்லும் மாணவரும் வகுப்பில் இருப்பார். அவருக்கு ஒரு செய்தி. கூகுள் நிறுவனத்தின் கணினிகளில் இரண்டரை ஆண்டுகள் சேகரித்த தகவலை ஆராய்ந்த ஒரு கட்டுரை 2009இல் வெளிவந்தது. ஓர் ஆண்டில் 8 விழுக்காட்டுக்கும் அதிகமான ரேம் அட்டைகளில் ஒரு பிழையாவது பதிவாகியிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை தற்செயலாக ஒருமுறை வந்து போகும் பிழைகள் அல்ல. வன்பொருள் குறையால் திரும்பத் திரும்ப வருபவை என்பது ஆய்வாளர்களின் முடிவு.

உங்கள் கணினி வாரத்தில் மூன்று முறை நின்றால், வானத்தைப் பார்க்காமல் மதர்போர்டைப் பாருங்கள்.

என் கணினியின் கதை

நான் செய்த தவற்றையும் சொல்லிவிடுகிறேன். என் வீட்டுக் கணினியை நானே பொருத்தினேன். 8 ஜிகாபைட் அட்டைகள் இரண்டு. ஈராண்டு எந்தக் குறையும் இல்லை. ஆண்டிறுதி விடுமுறையில் அதே பெயர், அதே வேகம் கொண்ட இன்னும் இரண்டு அட்டைகளை வாங்கிச் சேர்த்தேன். மூன்றாம் நாள் நீலத் திரை. அடுத்த நாள் உலாவி தானாக மூடிக்கொண்டது.

மென்பொருள் கோளாறு என்று முடிவுகட்டி விண்டோசை மறுபடி நிறுவத் தொடங்கினேன். பாதியில், கோப்பு சேதமடைந்திருக்கிறது என்று சொல்லி நின்றுவிட்டது. அதே யூ.எஸ்.பி. வேறு கணினியில் ஒழுங்காக வேலை செய்தது. அந்த நேரத்திலேயே நான் விழித்திருக்க வேண்டும். கோப்பு யூ.எஸ்.பி.யில் சேதமாகவில்லை, ரேம் வழியாகக் கடந்துபோகும்போது சேதமானது.

நான் விழிக்கவில்லை. மூன்றாவது முயற்சியில் நிறுவல் முடிந்ததும் சிக்கல் தீர்ந்தது என்று நினைத்தேன். பழைய மடிக்கணினியில் இருந்த குடும்பப் படங்கள் எண்ணூறையும் இந்தக் கணினி வழியாக வெளிவட்டுக்கு மாற்றிவிட்டு, பழையதை அழித்தேன். ஒரு வாரம் கழித்துத் திறந்து பார்த்தபோது, பதினொரு படங்களில் பாதிக்குக் கீழே சாம்பல் நிறம். அதில் ஒன்று என் பாட்டி தைப்பூசத்தன்று தண்ணீர்மலைப் படிக்கட்டில் உட்கார்ந்திருந்த படம். அதற்கு வேறு நகல் இல்லை. சுருக்கிச் சேமிக்கப்படும் படக் கோப்பில் ஒரு பிட் தவறினாலே அதற்குப் பின்னால் வரும் பகுதி முழுவதும் குழம்பிவிடும் என்பதை அன்று பாடமாகக் கற்றுக்கொண்டேன்.

அதனால், சோதனைக்கு முன்னால் ஒரு விதி: ரேம்மீது சந்தேகம் வந்த நிமிடத்திலிருந்து, அந்தக் கணினியில் முக்கியமான கோப்பை நகர்த்தாதீர்கள், திருத்தாதீர்கள், மூலத்தை அழிக்காதீர்கள்.

சோதனையைத் தொடங்குவோம்

ரேமைச் சோதிக்க விண்டோசிலேயே ஒரு கருவி இருக்கிறது. தேடு பெட்டியில் எம்.டி.ஷெட் என்று ஆங்கில எழுத்துகளில் தட்டினால் வரும் நினைவகச் சோதனை அது. இன்னும் கடுமையாகச் சோதிக்க மெம்டெஸ்ட்86 என்ற இலவச நிரல் உண்டு. அதை யூ.எஸ்.பி.யில் ஏற்றி, கணினியை அதிலிருந்து தொடக்க வேண்டும். விண்டோஸ் ஓடாததால் ஏறக்குறைய முழு நினைவகத்தையும் அதனால் தொட முடியும்.

அது செய்யும் வேலை எளிது. எல்லா வாளிகளிலும் 0 எழுதிப் படிக்கும். பிறகு 1. பிறகு 0, 1 என்று மாற்றி மாற்றி. பிறகு அதன் தலைகீழ். எழுதிவிட்டுச் சிறிது நேரம் காத்திருந்து, மறந்துவிட்டதா என்றும் பார்க்கும். சில வாளிகள், பக்கத்து வாளியில் எழுதும்போதுதான் தடுமாறும். அதனால்தான் இத்தனை வடிவங்கள். முழுச் சோதனைக்குப் பல மணி நேரம் ஆகும். இரவில் ஓடவிட்டுவிட்டுத் தூங்குங்கள்.

முடிவைப் படிக்க ஒரே அளவுகோல்: பிழை 0 என்றால் தேர்ச்சி. ஒன்று வந்தாலும் தோல்விதான். "ஒரு பிழைதானே" என்ற சலுகை இங்கே இல்லை.

பெட்டியைத் திறக்கும் முன் இவற்றைச் செய்யுங்கள். கணினியை நிறுத்தி, மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்குங்கள். தொடக்கப் பொத்தானைச் சில வினாடி அழுத்தி, மிச்ச மின்னூட்டத்தை வடியவிடுங்கள். பெட்டியின் பூச்சில்லாத உலோகப் பகுதியைத் தொட்டு, உடலில் உள்ள நிலைமின்னை நீக்குங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் நிலைமின் குறைவுதான்; ஆனாலும், குளிர்சாதன அறையில் காற்று வறண்டிருக்கும். அட்டையை ஓரத்தில் பிடியுங்கள். தங்க நிறத் தொடுமுனைகளில் விரல் படக்கூடாது. மின்வழங்கிப் பெட்டியை மட்டும் எக்காரணம் கொண்டும் திறக்காதீர்கள். கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆபத்தான மின்னழுத்தம் தங்கியிருக்கும்.

இனி வரிசையாக:

1. கழற்றி மாட்டுங்கள். அட்டை முழுதாக உட்காராதது மிகச் சாதாரணமான காரணம். தூசியை ஊதி அகற்றி, இரு பக்கமும் "க்ளிக்" என்று கேட்கும்வரை அழுத்துங்கள். இரண்டு அட்டைகள் மட்டும் இருந்தால் அவற்றை எந்த ஸ்லாட்டில் மாட்ட வேண்டும் என்று மதர்போர்டுக் கையேட்டில் பாருங்கள். பெரும்பாலான பலகைகளில் செயலியிலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்.

2. வேகத்தை இயல்பு நிலைக்குக் கொண்டுவாருங்கள். அட்டைப் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் எக்ஸ்.எம்.பி. என்ற அமைப்பை பயோசில் இயக்கினால் கிடைக்கும் வேகம். அதை அணைத்துவிட்டுச் சோதியுங்கள். பிழை மறைந்தால், சிக்கல் வேகத்தில்.

3. அட்டைகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். ஒரே ஸ்லாட், ஒரே வேகம், அட்டை மட்டும் மாறும். இங்கே அட்டை தற்சார்பு மாறி. பிழை எண்ணிக்கை சார்பு மாறி. ஸ்லாட்டும் வேகமும் கட்டுப்படுத்தப்பட்ட மாறிகள்.

4. ஸ்லாட்டுகளை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். தேர்ச்சி பெற்ற ஓர் அட்டையை எடுத்து ஒவ்வொரு ஸ்லாட்டிலும் மாட்டிப் பாருங்கள்.

5. எல்லாவற்றையும் எழுதிவையுங்கள். எந்த அட்டை, எந்த ஸ்லாட், என்ன வேகம், எந்த நேரம், எத்தனை பிழை, எந்த முகவரியில். அட்டைகளுக்கு க, ங, ச, ஞ என்று ஒட்டுத்தாளில் பெயரிடுங்கள். மூன்றாம் நாள் எது எது என்று நிச்சயம் மறந்துபோகும்.

குற்றவாளி யார்?

என் கணினியில் நான்கு அட்டைகளும் முழு வேகத்தில் இருந்தபோது நாற்பது நிமிடத்தில் பிழை வந்தது. முகவரிகள் சிதறிக் கிடந்தன. புதிய இரண்டில் ஒன்றுதான் கெட்டது என்று நான் உறுதியாக நம்பினேன். நான்கு இரவுகள், நான்கு அட்டைகள், ஒவ்வொன்றாக: எல்லாமே 0 பிழை! ஸ்லாட்டுகளும் தேர்ச்சி. பழைய இணை மட்டும் போட்டால் 0. புதிய இணை மட்டும் போட்டால் 0. நான்கையும் போட்டு எக்ஸ்.எம்.பி.யை அணைத்தால் 0. நான்கும் சேர்ந்து, முழு வேகத்திலும் ஓடினால் மட்டுமே பிழை.

ஆக, எந்த அட்டையும் கெட்டதல்ல. என் கருதுகோள்தான் தவறு. அவசரப்பட்டு அட்டையைத் திருப்பிக் கொடுத்து வேறு வாங்கியிருந்தாலும் அதே பிழைதான் வந்திருக்கும்.

காரணம் இயற்பியலில் இருக்கிறது. என் அட்டைகளின் முழு வேகம் 3600. அதாவது ஒவ்வொரு தரவுக் கம்பியிலும் வினாடிக்கு 3,600 மில்லியன் பிட்டுகள். ஒரு பிட்டுக்குக் கிடைக்கும் நேரம் ஒரு நானோ வினாடியில் ஏறக்குறைய கால் பங்கு. அந்த நேரத்துக்குள் ஒளியே 8 சென்டிமீட்டர்தான் போக முடியும். மதர்போர்டின் செப்புக் கோட்டில் மின்குறிப்பலை அதைவிட மெதுவாகப் போகும். ஒரே தடத்தில் இரண்டு அட்டைகள் தொங்கினால், குறிப்பலை ஒவ்வொரு கிளையிலும் பட்டு எதிரொலிக்கும். பெரிய மண்டபத்தில் ஒருவர் வேகமாகப் பேசினால் எதிரொலி அடுத்த சொல்லோடு கலந்துவிடுமல்லவா? அதே நிலைதான். தீர்வும் அதே: கொஞ்சம் மெதுவாகப் பேச வேண்டும். வேகத்தை 3200க்குக் குறைத்தேன். இரண்டு இரவுகள் சோதித்தேன், 0 பிழை. நான்கு அட்டைகள் போட்டால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது மதர்போர்டுக் கையேட்டின் அட்டவணை ஒன்றில் அச்சாகியே இருந்தது. நான்தான் அந்தப் பக்கத்தைப் புரட்டவில்லை.

உங்கள் முடிவுகளை இப்படிப் படியுங்கள்:

• ஓர் அட்டை எங்கே போனாலும் பிழையும் கூடவே போகிறது. முகவரியும் பெரும்பாலும் அதேதான் என்றால், அட்டை கெட்டது. உத்தரவாதம் இருந்தால் கடையில் மாற்றுங்கள். சோதனைத் திரையைப் படமெடுத்து எடுத்துச் செல்லுங்கள்.

• எந்த அட்டை போட்டாலும் ஒரே ஸ்லாட்டில்தான் பிழை என்றால், ஸ்லாட்டையோ செயலி உட்காரும் இடத்தையோ பார்க்க வேண்டும்.

• முழு வேகத்தில் மட்டும் பிழை என்றால், வேகத்தைக் குறையுங்கள். மின்னழுத்தத்தைக் கூட்டிப் பார்க்கும் ஆசை வேண்டாம். அது சில்லுகளைச் சூடாக்கும், செயலியைக்கூடக் கெடுக்கலாம்.

• பிற்பகலில் மட்டும் பிழை என்றால், காற்றாடியையும் தூசியையும் கவனியுங்கள்.

• பல இரவுகள் 0 பிழை. ஆனாலும் நீலத் திரை வருகிறது என்றால், ரேமை விட்டுவிட்டு மின்வழங்கி, வட்டு, வரைகலை அட்டை என்று அடுத்ததைத் தேடுங்கள்.

பிழையைத் தானே திருத்தும் நினைவகம்

மருத்துவமனை, வங்கி போன்ற இடங்களின் கணினிகளில் இப்படி இரவெல்லாம் சோதித்துக்கொண்டிருக்க முடியாது. அங்கே பிழைதிருத்தும் ரேம் பயன்படுகிறது. 64 பிட் தரவோடு 8 பிட் காவல் எண்களையும் சேர்த்து 72 பிட்டாக எழுதுவார்கள். ஒரு பிட் மாறினால் எது என்று கண்டுபிடித்துத் திருத்தும். இரண்டு மாறினால் எச்சரிக்கும். இதன் அடிப்படையை அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் பணிபுரிந்த ரிச்சர்ட் ஹேமிங் 1950இல் வெளியிட்டார். புதிய டி.டி.ஆர். 5 ரேமில் சில்லுக்குள்ளேயே இதுபோன்ற திருத்தம் உண்டு. ஆனால், அது சில்லுக்குள் நடக்கும் தவற்றுக்கு மட்டும்தான். என் கணினியில் நடந்ததுபோல் வழியில் கெடும் எண்ணை அது காப்பாற்றாது.

செய்து பாருங்கள்

தேவையானவை: 25 நாணயங்கள், ஒரு நண்பர்.

எண் உள்ள பக்கம் 1, மறுபக்கம் 0. 16 நாணயங்களை நான்குக்கு நான்காக, விருப்பம்போல் வையுங்கள். ஒவ்வொரு வரிசையின் முடிவிலும் ஐந்தாவதாக ஒரு நாணயம் வையுங்கள். வரிசையில் மொத்தம் உள்ள 1கள் இரட்டைப்படையாக வரும்படி அதன் பக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். இப்போது நான்கு வரிசைகளும் ஐந்து நிரல்களும் இருக்கும். ஒவ்வொரு நிரலின் அடியிலும் இதே விதிப்படி ஒரு நாணயம். மொத்தம் 25.

நீங்கள் திரும்பி நில்லுங்கள். நண்பர் ஒரே ஒரு நாணயத்தைப் புரட்டட்டும். திரும்பிப் பார்த்து, 1கள் ஒற்றைப்படையாக இருக்கும் வரிசையையும் நிரலையும் தேடுங்கள். இரண்டும் சந்திக்கும் இடத்தில் இருப்பதுதான் புரட்டப்பட்ட நாணயம். அடுத்து, ஒரே வரிசையில் இரண்டைப் புரட்டச் சொல்லுங்கள். தவறு நடந்தது தெரியும். எந்த வரிசையில் என்று தெரியாது. பிழைதிருத்தும் ரேமுக்கும் இதுபோன்ற ஓர் எல்லை உண்டு.

சிந்தித்துப் பாருங்கள்

1. 70 என்ற எண் 01000110. இதில் 32ஐக் குறிக்கும் பிட் 1 ஆக மாறினால் என்ன எண் வரும்?

2. அட்டை 'க' முதல் ஸ்லாட்டில் பிழை தருகிறது. மூன்றாம் ஸ்லாட்டிலும் பிழை தருகிறது. அட்டை 'ங' முதல் ஸ்லாட்டில் பிழை தரவில்லை. எது கெட்டது?

3. ஒரு மாணவர் அட்டையை மாற்றினார், வேகத்தைக் குறைத்தார், விண்டோசையும் மறுபடி நிறுவினார். கணினி சரியாகிவிட்டது. காரணம் என்ன?

விடைகள்: 1) 102. 2) அட்டை 'க'. 3) சொல்ல முடியாது. மூன்று மாறிகளை ஒரே நேரத்தில் மாற்றியதால், கணினி சரியானது மட்டும்தான் தெரியும். எதனால் என்று தெரியாது. அடுத்த முறை கோளாறு வந்தால் அவர் மறுபடி முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

இன்று மாலை ஒரு வேலை செய்யுங்கள். உங்களிடம் ஒரே ஒரு நகலாக இருக்கும் படங்களை இன்னோர் இடத்திலும் சேமியுங்கள். சேமித்த பிறகு, அழிப்பதற்கு முன், ஒருமுறை திறந்து பாருங்கள்.